நீதிபதி காத்த ஏடுகள்



பணியிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாட் காலை, விராலிமலையில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். பள்ளி மணி ஒலித்தது. விரைந்து எழுந்தேன், எனக்கு வகுப்பு இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பல்லாண்டு பிறர்க்குப் பாடம் சொன்ன நான், பணி முடிந்தபின் எஞ்சுவது யாது என்று என்னையே ஒரு நாளும் வினவியதில்லை. அவ்வினாவுக்கு விடையாக வாழ்ந்தவர் ஒருவர், முன்னொரு காலத்தில் எங்கள் பகுதியிலேயே நீதி வழங்கினார்.

அவரே சி. வை. தாமோதரம் பிள்ளை. 1832-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்தவர். 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். ஆசிரியர், கணக்குத் துறை அலுவலர், வழக்கறிஞர் எனப் பல பணி புரிந்தபின், 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாக விளங்கினார். விராலிமலையும் அந்நாளில் அச் சமஸ்தானத்தைச் சேர்ந்ததே.

வயிறு வளர்க்கப் பதவி இருந்தது. வாழ்வை நிறைத்தவையோ பழந்தமிழ் ஏடுகள். பனையோலை நெடுங்காலம் நில்லாது. பூச்சி அரிக்கும், ஓரம் முறியும். அவ்வப்போது எவரேனும் பெயர்த்தெழுதாவிடின் நூலே மாய்ந்துவிடும். ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கமும் அருகியே இருந்தது. அத்தகைய பிரதிகள் பலவற்றை ஒப்பிட்டு, உண்மைப் பாடத்தைத் தெளிதல் பொறுமையைச் சோதிக்கும் வேலை. அவர் வகித்த பதவி எதுவும் அதனை அவரிடம் கேட்கவில்லை.

ஆயினும் 1881-இல் வீரசோழியம், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை ஆகியவை அவர் பதிப்பில் அச்சேறின. புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்த 1889-ஆம் ஆண்டிலும் சூளாமணி வெளிவந்தது. ஊரும் பதவியும் மாறின, ஏட்டுப்பணி மாறவில்லை. 1901-இல் அவர் மறைந்தார். அவர் எழுதிய தீர்ப்புகளை இன்று தேடுவார் அரியர். ஆனால் கலித்தொகையைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு மாணவரும் அவருக்குக் கடன்பட்டவரே.

தொழிலை இகழுங்கள் என்று நான் கூறவில்லை, அவரும் இகழவில்லை. சம்பளமும் மதிப்பெண்ணும் இல்லாதபோதும் கைவிட மனம் வராத நற்பணி ஒன்றை இளமையிலேயே பற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். நானும் இப்போது மாலைதோறும் மலைப்படியில் அமர்ந்து, ஊர் முதியோர் சொல்லும் பழஞ்செய்திகளைக் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். என்னிடம் சொன்னவர் சிலர் இன்று இல்லை. பத்தாண்டு முன்னரே தொடங்கியிருப்பின் இன்னும் பலர் குரல் அதில் இருந்திருக்கும். நான் தாமதித்தேன். நீங்கள் தாமதிக்க வேண்டா.