எல்லோ பேஜஸ்: வரிசையும் பயமும்
1878 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூஹேவனில் வெளியான முதல் தொலைபேசிப் பட்டியல் ஒற்றைத் தாள். ஐம்பது பதிவுகள், எண்களே கிடையாது. பெயரைச் சொன்னால் இணைப்பகத்தில் இணைத்துவிடுவார்கள். பின்னாளில் எல்லோ பேஜஸாக வளர்ந்த தொழில்வாரிப் பட்டியலை 1886இல் சிகாகோவில் ரூபன் டொனெல்லி தொடங்கினார். பட்டியல் என்கிற பிரதி சரக்கானது அங்கேதான்.

அகரவரிசையில் அதிகாரம் இல்லை என்று நினைக்கிறோம். ஏ ஏ ஏ என்று பெயர் வைத்துக்கொண்டு முன்னுக்கு ஓடிய கடைகளைப் பார்த்தால் தெரியும். பிறகு காசே வரிசையானது, பெரிய கட்டம் முன்னால். குழாய் உடைந்து நிற்பவர் முதலில் கண்ணில் பட்ட எண்ணைத்தான் சுழற்றுவார். ஆகவே பிளம்பருக்கும் பூட்டுத் திறப்பவருக்கும் போட்ட காசு திரும்ப வாய்ப்பிருந்தது. தையல்காரருக்கு? அவருடைய வாடிக்கை தெருவிலேயே இருக்கிறது. இருந்தும் கட்டினார், எதிர்க்கடைக்காரர் கட்டிவிட்டாரே! முகவர் விற்றது விடுபட்டுவிடுவோம் என்கிற பயத்தை என்றே நான் வாசிக்கிறேன்.

நம்ம ஊரிலும் இதே கதைதான். சிறு அச்சகம் வைத்திருந்த என் சித்தப்பா ஒரு வழிகாட்டி நூலில் கால் பக்கம் விளம்பரம் போட்டார். "அதைப் பாத்துட்டு யாராச்சும் வந்தாங்களா சித்தப்பா?" என்று கேட்டேன். "வந்தாங்களே, அடுத்த வருஷ விளம்பரத்துக்குப் பணம் கேட்டு."

டொனெல்லி பெயர் தாங்கிய பட்டியல் நிறுவனம் 2009இல் திவால் பாதுகாப்பு கோரியது. இன்று தேடுபொறியில் முதல் வரிசை ஏலத்துக்கு விடப்படுகிறது. ஒரு தட்டலுக்கு இவ்வளவு என்று கணக்காவது காட்டுகிறார்கள். தட்டியவர் கடைக்கு வந்தாரா என்பதை மட்டும் கடைக்காரரேதான் எண்ணிக்கொள்ள வேண்டியிருக்கிறது.