முந்தின நாள் ராத்திரி அந்த விமானத்தில் என்ன நடந்தது?

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு ராத்திரி டியூட்டி. மணி மூன்று இருக்கும். வார்டில் ஒரு மானிட்டர் அலற ஆரம்பித்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 71 என்று காட்டுகிறது. ஓடிப்போய் ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்து அந்தப் பாட்டியின் முகத்தில் வைக்கப் போனால், பாட்டி என் கையைத் தட்டிவிட்டு, "ஏன் கண்ணு, இப்பத்தான் கண் அசந்தேன், எழுப்புறியே" என்கிறார்.

மூச்சு வாங்கவில்லை. உதடு நீலமாக இல்லை. பேச்சு தெளிவு. பக்கத்து பெட்டில் இருந்து வேறு கிளிப்பை எடுத்து மாட்டினேன். 97.

முதல் கிளிப்பில் ஒயர் லூஸ். பகல் ஷிஃப்ட்டுக்கே அது தெரிந்திருக்கிறது. யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்குப் பத்து நிமிஷப் படபடப்பு, பாட்டிக்குத் தூக்கம் போனது. அதோடு முடிந்தது.

இதே கதை வானத்தில் நடந்தால் எப்படி முடியும்? கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

29 அக்டோபர் 2018, காலை 6.20 மணி. இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் இருந்து பங்கல் பினாங் என்ற ஊருக்கு லயன் ஏர் 610 கிளம்பியது. போயிங் 737 மேக்ஸ் 8, வாங்கி மூன்று மாதம்கூட முழுசாக ஆகாத புது விமானம். கேப்டன் பவ்யே சுனேஜா, டெல்லிக்காரர், வயது 31. அவரும் சரி, துணை விமானி ஹார்வினோவும் சரி, ஆளுக்கு 5,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள். கிளம்பிய 13 நிமிடத்துக்குள் விமானம் ஜாவா கடலில் விழுந்தது. 189 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இது பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்த செய்தி. பலருக்குத் தெரியாதது, அதே விமானம் முந்தின நாள் ராத்திரி பாலித் தீவின் டென்பசாரில் இருந்து ஜகார்த்தா வந்தபோது அதே பழுது வந்தது என்பது. அன்றைக்கு எல்லாரும் பத்திரமாக இறங்கி வீட்டுக்குப் போனார்கள்.

அது எப்படி என்று புரிய, முதலில் அந்தப் பழுது என்ன என்று பார்ப்போம்.

"கை, தலையை வெளியே நீட்டாதீர்கள்" என்று பஸ்ஸில் எழுதியிருப்பார்கள். சின்ன வயசில் எல்லாரும் நீட்டியிருக்கிறோம். உள்ளங்கையைக் கிடைமட்டமாக வைத்தால் காற்று வழுக்கிக்கொண்டு போகும். முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினால் கை தானாக மேலே எழும்பும். ரொம்பத் தூக்கினால் எழும்பாது, பின்னால்தான் தள்ளும். விமானத்தின் இறக்கையும் அப்படித்தான். காற்றுக்கும் இறக்கைக்கும் நடுவே உள்ள கோணம் ஓர் அளவைத் தாண்டினால், இறக்கை விமானத்தைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள்.

அந்தக் கோணத்தை அளக்க விமானத்தின் மூக்குப் பகுதியில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என இரண்டு சின்ன தகடுகள் இருக்கும். காற்று அடிக்கும் திசைக்கு ஏற்பத் திரும்பும். நம்ம ஊர் மாடிகளில் காற்றாடி திரும்புமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

737 மேக்ஸில் பழைய 737-ஐ விடப் பெரிய இன்ஜின் வைத்தார்கள். இறக்கைக்குக் கீழே இடம் போதாததால் இன்ஜினைக் கொஞ்சம் முன்னாலும் மேலேயும் தள்ளி மாட்டவேண்டி வந்தது. அதனால் சில நேரங்களில் மூக்கு தேவைக்கு மேல் தூக்கிக்கொள்ளும் சுபாவம் வந்தது. அதைச் சரிக்கட்ட ஒரு மென்பொருள் எழுதினார்கள். பெயர் எம்காஸ். கோணம் அதிகம் என்று சென்சார் சொன்னால், வாலில் உள்ள ஸ்டெபிலைசரைத் திருப்பி மூக்கைத் தானாகக் கீழே இறக்கும். விமானி பட்டனை அழுத்தி மேலே தூக்கினால் சில விநாடி சும்மா இருக்கும். பிறகு மறுபடி இறக்கும். மறுபடி, மறுபடி.

இங்கே மூன்று விஷயம் சொல்லணும். விமானத்தில் சென்சார் இரண்டு இருந்தாலும் எம்காஸ் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் நம்பும். அது பொய் சொல்கிறதா என்று மற்றதைக் கேட்டுப் பார்க்காது. இரண்டாவது, பழைய 737-இல் தானியங்கி மூக்கை இறக்கினால், விமானி கட்டுப்பாட்டுக் கம்பத்தைத் தன் பக்கம் பலமாக இழுத்தாலே அது நின்றுவிடும். எம்காஸ் அப்படி நிற்காது. மூன்றாவதுதான் எனக்கு இன்னும் ஜீரணிக்க முடியாதது. இப்படி ஒன்று விமானத்தில் இருக்கிறது என்பது விமானிகளின் கையேட்டில் இல்லை. புது விமானத்துக்கு சிமுலேட்டர் பயிற்சி தேவையில்லை, பழைய 737 ஓட்டினவர் சின்ன கம்ப்யூட்டர் பாடம் படித்தால் போதும் என்பதுதான் மேக்ஸை விற்கச் சொன்ன பெரிய காரணம். வித்தியாசங்களைப் பட்டியல் போட்டால் அந்த வசதி போய்விடும்.

ஒரு மருந்தின் பக்கவிளைவை நோயாளியிடம் சொல்லாமல் விடுவதே தப்பு. மருந்து கொடுப்பதையே டாக்டரிடம் சொல்லாமல் விட்டால்?

சரி, டென்பசாருக்கு வருவோம்.

28 அக்டோபர் அன்று டென்பசாரில் அந்த விமானத்தின் இடது பக்கக் கோண சென்சாரைக் கழற்றி வேறொன்று மாட்டினார்கள். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் ஒரு நிறுவனம் பழுது பார்த்து அனுப்பிய சென்சார் அது. அளவு சரிபார்க்கும்போதே தவறு நடந்து, உண்மையைவிட 21 டிகிரி கூடுதலாகக் காட்டும்படி அது வந்து சேர்ந்தது. மாட்டிய பிறகு செய்யவேண்டிய சோதனையின் முடிவும் முறையாகப் பதிவு செய்யப்படவில்லை.

அன்று ராத்திரி விமானம் தரையை விட்டு எழும்பிய உடனேயே கேப்டனின் கட்டுப்பாட்டுக் கம்பம் கடகடவென்று நடுங்க ஆரம்பித்தது. ஸ்டிக் ஷேக்கர் என்பார்கள். "ஸ்டால் ஆகப்போகிறது" என்ற எச்சரிக்கை. வேகமும் உயரமும் இரண்டு பக்கத்துத் திரையிலும் வேறு வேறாகக் காட்டுகின்றன. கேப்டன் மூன்றாவதாக இருக்கும் தனி மீட்டரோடு ஒப்பிட்டார். தன் பக்கம்தான் தப்பு என்று கண்டுபிடித்து, கட்டுப்பாட்டைத் துணை விமானியிடம் கொடுத்தார். நான் கிளிப்பை மாற்றிப் பார்த்த மாதிரி.

ஆனாலும் மூக்கு தானாகக் கீழே இறங்கியது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை.

அந்தக் காக்பிட்டில் அன்று மூன்றாவதாக ஒருவர் இருந்தார். டியூட்டியில் இல்லாத, சும்மா கூட வந்த ஒரு விமானி. ஸ்டெபிலைசர் தானாக ஓடுவதை அவர்தான் கவனித்துச் சொன்னார் என்று பின்னால் செய்திகள் வந்தன. நம்பக்கூடியதுதான். எமர்ஜென்சியில் கை நிறைய வேலை இருப்பவருக்குத் தெரியாதது, ஓரமாக நிற்பவர் கண்ணில் படும். எத்தனையோ தடவை ஓரமாக நின்ற ஸ்டாஃப் நர்ஸ் சொல்லித்தான் நாங்கள் திரும்பிப் பார்த்திருக்கிறோம்.

நடுவில் உள்ள பலகையில் ஸ்டெபிலைசர் மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்தும் கட்-அவுட் சுவிட்ச் இரண்டு உண்டு. கேப்டன் அவற்றை அணைத்தார். பிரச்சினை நின்றது. திரும்பப் போட்டுப் பார்த்தார், மறுபடி வந்தது. மறுபடி அணைத்தார். மிச்ச தூரம் முழுக்கக் கையால் சக்கரத்தைச் சுற்றி ஓட்டி, கம்பம் நடுங்கிக்கொண்டே இருக்க, ஜகார்த்தாவில் இறக்கினார்.

பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் இறங்கிய பிறகு விமானத்தின் பதிவேட்டில் எழுதியது: வேகமும் உயரமும் ஒத்துப்போகவில்லை, இன்னொரு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். வழி முழுக்கக் கம்பம் நடுங்கியதும், கட்-அவுட் சுவிட்சை அணைத்துத்தான் வந்து சேர்ந்தோம் என்பதும் அதில் இல்லை.

எங்கள் பாஷையில் சொன்னால், "காய்ச்சல், இருமல்" என்று எழுதிவிட்டு, ராத்திரி ஃபிட்ஸ் வந்ததையும் எந்த ஊசி போட்டு அது நின்றது என்பதையும் விட்டுவிட்ட கேஸ் ஷீட்.

ராத்திரி ஷிஃப்ட் பொறியாளர் அதைப் படித்தார். எழுதியிருந்ததற்கு உரிய வைத்தியத்தைச் செய்தார். வேகம், உயரம் அளக்கும் குழாய்களைச் சுத்தம் செய்தார், ஒரு பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். தரையில் சோதித்தால் எல்லாம் நார்மல். கோண சென்சார் பக்கம் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. இரண்டு சென்சாரும் முரண்பட்டால் சொல்வதற்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. கூடுதல் பணம் கட்டி வாங்கும் வேறொரு வசதி இருந்தால்தான் அது வேலை செய்யும்படி மென்பொருளில் பிழை. போயிங்குக்கு அது 2017-லேயே தெரியும். இந்த விமானத்தில் அது வேலை செய்யவில்லை.

ஏழு மணி நேரம் கழித்து சுனேஜா வந்து உட்கார்ந்தார். அன்று அவருக்கு சளி, காய்ச்சல். ஹார்வினோவை டியூட்டி மாற்றி விடியற்காலை நாலு மணிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் கிடையாது.

எழும்பிய உடனே கம்பம் நடுக்கம். வேகம், உயரம் முரண்பாடு. எந்த மீட்டரை நம்புவது என்று தெரியாமல் ஹார்வினோ கட்டுப்பாட்டு மையத்தைக் கேட்கிறார்: எங்கள் உயரம் உங்கள் ரேடாரில் எவ்வளவு காட்டுகிறது? கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் ரேடார் திரையில் வரும் உயரம் அந்த விமானமே அனுப்பும் எண். பொய் சொல்பவனிடமே சாட்சி கேட்ட கதை. 1996-இல் பெருவில், விமானத்தைக் கழுவும்போது காற்றழுத்தம் அளக்கும் துளைகளில் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்து, ஏரோபெரு 603 கிளம்பிவிட்டது. இருட்டில் கடல் மேல் இருந்த விமானிகள் உயரம் கேட்டார்கள். மையம் 9,700 அடி என்றது. விமானம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. 70 பேர் போனார்கள்.

ஜாவா கடலுக்கு மேல், இறக்கை மடிப்புகளை உள்ளே இழுத்ததும் எம்காஸ் விழித்துக்கொண்டது. மூக்கு இறங்கும், சுனேஜா பட்டனை அழுத்தித் தூக்குவார். இறங்கும், தூக்குவார். இப்படி 20 தடவைக்கு மேல். எதனோடு மல்லுக்கட்டுகிறோம் என்று தெரியாமலே ஜெயித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஹார்வினோ அவசரக் கையேட்டைப் புரட்டி, வேகம் சரியில்லாதபோது செய்யவேண்டியதைத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் சுனேஜா கட்டுப்பாட்டை அவரிடம் கொடுத்தார். ஹார்வினோவும் பட்டனை அழுத்தினார். ஆனால் சுனேஜா அழுத்திய அளவுக்கு நீளமாக அழுத்தவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகக் கவிழ்ந்தது. பிறகு நேரமில்லை.

கட்-அவுட் சுவிட்ச் இரண்டு பேருக்கும் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"அப்போ பதிவேட்டில் எழுதியிருந்தால் பிழைத்திருப்பார்களா டாக்டர்?" என்று கேட்பீர்கள். பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அந்த விமானத்தைக் காலையில் பறக்கவே விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதோடு கதையை முடித்து, பழியைப் பாலி விமானி தலையில் கட்டிவிட முடியாது. அதற்குச் சாட்சி எத்தியோப்பியா.

ஜகார்த்தா விபத்துக்குப் பிறகு போயிங் ஓர் அறிவிப்பு அனுப்பியது. இப்படி நடந்தால் கட்-அவுட் சுவிட்சை அணையுங்கள் என்று. அதில்கூட எம்காஸ் என்ற பெயர் இல்லை, விமானிகள் நச்சரித்த பிறகு தனியாகத்தான் சொன்னார்கள். அமெரிக்க விமானக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.ஏ.ஏ. உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டது. மென்பொருளைத் திருத்தாவிட்டால் இந்த வகை விமானங்களின் ஆயுள் முழுவதிலும் சுமார் 15 கோர விபத்துகள் நடக்கலாம் என்று வந்தது. விமானங்களை நிறுத்தவில்லை.

10 மார்ச் 2019. அடிஸ் அபாபாவில் இருந்து நைரோபிக்கு எத்தியோப்பியன் 302. எழும்பிய உடனே இடது சென்சார் 74.5 டிகிரி என்று காட்டியது. அந்தக் கோணத்தில் எந்தப் பயணி விமானமும் பறக்காது, கம்ப்யூட்டர் அதையும் நம்பியது. இந்த விமானிகளுக்கு விஷயம் சொல்லப்பட்டிருந்தது. அணைக்கச் சொன்ன சுவிட்சை அணைத்தார்கள். ஆனால் அதற்குள் மூக்கு கவிழ்ந்து, இன்ஜின் முழு வேகத்தில் ஓட, கையால் சுற்றும் சக்கரம் காற்றின் அழுத்தத்தில் அசைய மறுத்தது. 25 வயதுத் துணை விமானி சுற்றிப் பார்த்தார், முடியவில்லை. வேறு வழியில்லாமல் மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். எம்காஸ் கடைசியாக ஒருமுறை இறக்கியது. கிளம்பிய ஆறே நிமிடம். 157 பேர். அதில் நான்கு பேர் இந்தியர்கள்.

சிலர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "இதுக்குத்தான் கம்ப்யூட்டரை நம்பக்கூடாது, மனுஷன் கையில் கொடுக்கணும்" என்பார்கள். அவ்வளவு சுலபமில்லை. 2009-இல் ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக் மேல் போகும்போது வேகம் அளக்கும் பிட்டோ குழாய்களில் பனிக்கட்டி அடைத்தது. அங்கே கம்ப்யூட்டர் நேர்மையாக நடந்துகொண்டது. எனக்கு வேகம் தெரியவில்லை, நீங்களே ஓட்டுங்கள் என்று விலகிவிட்டது. இருட்டில் திடீரென்று கையில் விமானம் வந்து விழுந்த விமானி, மூக்கைத் தூக்கிக்கொண்டே போனார். அவர்களுக்கு அடித்த ஸ்டால் எச்சரிக்கை உண்மையானது. நாலரை நிமிடத்துக்குள் 228 பேர். அந்தக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும் என்பது அந்த நிறுவனத்துக்கு முன்பே தெரியும், பல விமானங்களில் நடந்திருந்தது. மாற்றுக் குழாய்கள் வந்து சேர ஆரம்பித்தது விபத்துக்குச் சில நாள் முன்பு. இந்த விமானத்தின் முறை இன்னும் வரவில்லை.

இங்கேயும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தெரிந்தது போய்ச் சேர வேண்டிய காக்பிட்டுக்கு நேரத்துக்குப் போகவில்லை.

மேக்ஸ் விமானங்கள் உலகம் முழுக்கத் தரையில் நின்றன. 2020 நவம்பரில்தான் அமெரிக்கா மறுபடி அனுமதித்தது. இப்போது எம்காஸ் இரண்டு சென்சாரையும் பார்க்கும். 5.5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒதுங்கிக்கொள்ளும். இறக்கினால் ஒரே ஒரு தடவைதான், அதுவும் விமானி கம்பத்தை இழுத்துச் சமாளிக்கக்கூடிய அளவுக்குத்தான். அந்த முரண்பாட்டு எச்சரிக்கை எல்லா மேக்ஸிலும் வேலை செய்யும். சிமுலேட்டர் பயிற்சி கட்டாயம். கையேட்டில் எம்காஸ் இருக்கிறது.

அந்தப் பாட்டி நாலாம் நாள் நல்லபடியாக வீட்டுக்குப் போனார். அன்று காலை எட்டு மணிக்கு ஹேண்ட் ஓவர் நோட்டில் நோயாளிகள் விவரத்துக்கு மேலே முதல் வரியாக எழுதினேன்: "7-ஆம் பெட் மானிட்டர் கிளிப் ஒயர் லூஸ். அளவு குறைத்துக் காட்டுகிறது. ராத்திரி 3 மணிக்கு 71 காட்டியது, வேறு கிளிப்பில் 97." கிளிப்பைக் கழற்றி நோட்டோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.