கரணம் செய்வோர்: மணவினை நடத்துவோரும் முன்னறிமுகமும்

தமிழர் திருமண வரலாறு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு வினாக்களைச் சுற்றியே சென்றுள்ளன. தாலி எப்போது வந்தது என்பது ஒன்று. புரோகிதர் எப்போது மணப்பந்தலுக்குள் வந்தார் என்பது மற்றொன்று. இவற்றின் நிழலில் மூன்றாவது வினா ஒன்று கவனிப்பாரின்றிக் கிடக்கிறது. மணத்தை நடத்தி வைப்பவரை மணமக்கள் முன்னரே அறிந்திருந்தனரா? அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கோ அவர்தம் குடும்பத்தாருக்கோ இருந்ததா?

இவ்வினா இக்கட்டுரையாளருக்கு நூலகத்தில் எழுந்ததன்று. தமிழகத்திற்கு வெளியே தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு வகுப்பறைப் பணியோடு வந்து சேரும் பணிகளுள் திருமணத் தலைமையும் ஒன்று. முன்னாள் மாணவர் ஒருவர் தம் மணத்தைத் தமிழகத்தில் நடத்தித் தருமாறு கேட்டார். அவர் மணக்கவிருந்த பெண்ணை இக்கட்டுரையாளர் ஒருமுறையேனும் கண்டதில்லை. காணாமலே ஒப்புக்கொள்ளலாமா என்ற தயக்கமே பழைய நூல்களை இந்நோக்கில் மீண்டும் படிக்கத் தூண்டியது.

சங்க இலக்கியத்தில் மணம் நடத்தியோர்

அகநானூற்றின் 86ஆம் பாடலும் 136ஆம் பாடலும் திருமண நிகழ்ச்சியை விரித்துரைப்பன. இரண்டிலும் புரோகிதர் இல்லை என்பது பலராலும் பன்முறை எடுத்துக்காட்டப்பட்ட செய்தி. ஆயின் ‘இல்லை’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வதால் அங்கே யார் இருந்தனர் என்பது மறைந்துவிடுகிறது. நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாடலில் நீர்க்குடமும் அகன்ற மண்கலமும் ஏந்திய முதிய பெண்டிர் வருகின்றனர். முன்னே தரவேண்டியவற்றையும் பின்னே தரவேண்டியவற்றையும் வரிசை பிறழாமல் எடுத்துத் தருகின்றனர். மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். அதன் பின்னரே சுற்றத்தார் அவளைத் தலைவனிடம் ஒப்படைக்கின்றனர்.

சடங்கின் வரிசையை அறிந்து, அதனைப் பிறழாமல் நடத்துவதே மணம் நடத்துவோரின் பணி எனக் கொண்டால், அப்பணியை இங்கே செய்வோர் அம்முதிய பெண்டிரே. அவர்கள் வீட்டையும் ஊரையும் சேர்ந்தவர்கள் எனக் கொள்வதே பாடலின் சூழலுக்குப் பொருந்தும். மணமகளைச் சிறுமியாய் அறிந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் முன்னறிமுகம் பற்றிய பேச்சே எழாது. நால்வருக்குரிய தகுதியாகப் பாடல் சுட்டுவதும் கல்வியன்று. மக்கட்பேறு பெற்ற இல்லறமே.

தொல்காப்பியக் கற்பியலின் நிலை சற்று வேறு. கரணத்தோடு கூடிக் கொள்ளுதற்குரிய மரபினோன், கொடுத்தற்குரியோர் கொடுக்கக் கொள்வதே கற்பு என இலக்கணம் வகுக்கும் அந்நூல், உடன்போக்கில் கொடுப்போர் இல்லாதவிடத்தும் கரணம் உண்டு என்று அடுத்தே உரைக்கிறது. கரணத்தை வகுத்தவர் ‘ஐயர்’ என்பதைச் சொல்லும் ஆசிரியர், அதனை நடத்தி வைப்பவர் இன்னார் என்று எங்கும் சொல்லவில்லை. ‘ஐயர்’ யார் என்பது குறித்து நிகழ்ந்த நெடிய வாதங்களில் இவ்விடைவெளி போதிய கவனம் பெறவில்லை. உற்றாரை விட்டுப் பிரிந்து சென்ற இருவருக்கு, முன்பின் அறியாத ஊரில், யார் கரணம் செய்திருப்பர்? இலக்கணம் இங்கே விட்ட இடம், பின்னர்க் காணவிருப்பதுபோல், அண்மைக் காலத்தில் நீதிமன்றங்களின் முன் மீண்டும் வந்து நின்றது.

சிலப்பதிகார மங்கல வாழ்த்துப் பாடலில் முதிய பார்ப்பான் மறைவழி காட்டக் கோவலனும் கண்ணகியும் தீயை வலம்வருகின்றனர். அவனுக்குப் பெயரில்லை, முதுமையும் மறையறிவும் மட்டுமே சுட்டப்படுகின்றன. மணமக்களை அறிந்தவர் என்ற தகுதியைவிட நூலறிந்தவர் என்ற தகுதி மேலோங்கிய நிலையைத் தமிழ் இலக்கியத்தில் தெளிவாகக் காட்டும் இடம் இதுவே எனலாம். எனினும் இளங்கோவடிகள் மகளிரை வெளியேற்றவில்லை. விளக்கும் கலமும் முளைப்பாலிகையும் ஏந்திய பெண்டிர் சூழ்ந்து நின்று, காதலர் பிரியாதிருக்க வேண்டுமென வாழ்த்துகின்றனர். அவ்வாழ்த்து பொய்த்துப்போகும் என்பதைக் காப்பியத்தை ஒருமுறை படித்தவர் அறிவர். அதனாலேயே அவ்விடம் இரண்டாம் வாசிப்பில் கனத்துவிடுகிறது.

தெரிந்தவர், ஆனால் தேர்ந்தவர் அல்லர்

எழுத்திலக்கியத்தை விட்டு வழக்காற்றிற்கு வந்தால், புரோகிதர் ஒருவரே மணம் நடத்தினார் என்ற எண்ணம் விரைவில் தகர்ந்துவிடும். கொங்கு வேளாளர் மணத்தில் சீர்களை நடத்துவோர் அருமைக்காரரும் அருமைக்காரியுமே. அதற்கெனத் தனிச் சடங்கு செய்துகொண்டு தகுதி பெற்ற, அதே சமூகத்து முதியோர் அவர்கள். மங்கல வாழ்த்தைப் பாடுபவர் நாவிதர். அப்பகுதியில் அவருக்குக் ‘குடிமகன்’ என்று பெயர். அவ்வாழ்த்தைக் கம்பர் இயற்றியதாகக் கூறுவது மரபு. பறையர் சமூகத்தில் வள்ளுவர் மணவினை நடத்தியதை 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகள் பதிவு செய்கின்றன. தமிழ்ப் பிராமணர் வீடுகளில் மணம் நடத்துபவருக்கு ‘வாத்தியார்’ என்பதே பெயர்.

இவர்கள் அனைவரும் குடும்பத்தை நன்கறிந்தவர்கள். மங்கல வாழ்த்துப் பாடும் குடிமகன் அவ்வீட்டின் பிறப்பு, பூப்பு, இறப்புச் சடங்குகளிலும் பங்கு கொண்டவர். இத்தகைய நெருக்கத்தைக் கண்டு மகிழும் நாட்டார் வழக்காற்றியலார் சிலர், அந்நெருக்கம் எதனால் விளைந்தது என்பதைப் பேசாது விடுகின்றனர். குடிமகன் அவ்வீட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை; அவ்வீட்டாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிறப்பு அவரை அங்கே நிறுத்தியது. மங்கலம் பாடியவர் அதே பந்தியில் அமர்ந்து உண்ண இயலாதிருந்த காலத்தில், ‘தெரிந்தவர்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் கொள்வது? மங்கல வாழ்த்தின் இலக்கியச் சிறப்பைப் பேசும் கட்டுரைகளில் இவ்வினாவும் ஓரிடம் பெற வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

தேர்ந்தெடுக்க இயலாமை வழக்கமாக மட்டுமின்றிச் சட்டமாகவே நின்றதற்கு மராட்டியம் சான்று. பம்பாய் மாகாணத்தில் கிராம ஜோசிக்கு ஊர்ச் சடங்குகளை நடத்தும் பரம்பரை உரிமை இருந்தது. அவரை அழைக்காமல் மணம் முடித்தோரிடமும் தமக்குரிய வருவாயைக் கேட்டு அவர் வழக்காட முடிந்தது. சோதிராவ் புலே 1873 செப்டம்பரில் சத்திய சோதக் சமாசத்தை நிறுவி, அவ்வாண்டு டிசம்பரிலேயே புரோகிதரில்லாத முதல் மணத்தை நடத்துவித்தபோது எழுந்த எதிர்ப்பை இப்பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும். சமயப் பற்று மட்டுமன்று, வருவாயும் அங்கே இடையில் நின்றது. அழைக்கப்படாத புரோகிதரின் இவ்வருவாய் உரிமையைப் பம்பாய் மாகாணத்தில் நீக்கிய சட்டம் 1926இல்தான் வந்தது.

அயலார் தலைமை

1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த மணமே முதல் சுயமரியாதைத் திருமணமாகக் குறிக்கப்படுகிறது. அதன்பின் தமிழகத்தில் பரவிய இம்மணமுறையின் அமைப்பு, சடங்கைவிடப் பொதுக்கூட்டத்தையே ஒத்தது. ஒருவர் தலைவரை முன்மொழிவார், மற்றொருவர் வழிமொழிவார், தலைவர் பேசுவார், மணமக்கள் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்வர், வாழ்த்துரைகள் தொடரும். பாரதிதாசன் ‘புரட்சித் திருமணத் திட்டம்’ என இதற்கென நூலே எழுதினார். பெண்டிரும் தலைமை தாங்கினர். அகநானூற்று முதிய பெண்டிருக்குப் பின் நெடுங்காலம் பந்தலோரத்தில் நின்றிருந்த மகளிர், ஒலிபெருக்கியின் முன் வந்து பேசியது இவ்வகையில்தான்.

தலைவர்களுள் பலர் மணமக்களை அன்றுதான் முதன்முதலாகக் கண்டனர். காலையில் ஓர் ஊரிலும் மாலையில் வேறோர் ஊரிலும் தலைமை தாங்கியோர் ஒவ்வோர் இணையையும் முன்னரே சந்தித்திருக்க வாய்ப்பில்லை. இதனை ஒரு குறையாகக் கூறுவோர் உளர். நாளும் கோளும் பார்ப்பதை ஒழித்தவர்கள் தலைவர் வரும் நாளையே நல்ல நாளாக்கிக் கொண்டனர் என்ற எள்ளலும் உண்டு. எள்ளலில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் அயலாரைத் தேடியதன் காரணத்தை அது தொடவில்லை. சாதி கடந்த மணத்திற்கும் கைம்பெண் மறுமணத்திற்கும் தெரிந்தவர் எவரும் முன்வரவில்லை. அருமைக்காரர் வரமாட்டார், குடிமகன் அஞ்சுவார், வாத்தியார் மறுப்பார். அறிந்தோர் அனைவரும் கைவிட்ட இடத்தில், அறியாத ஒருவர் வெளியூரிலிருந்து வந்து நடுவில் அமர்ந்தார். இங்கே அறிமுகமின்மை குறையன்று. மணம் நிகழ்வதற்கே அது வழியாயிற்று.

சட்டம் இவர்களை உடனே ஏற்கவில்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், தெய்வானை ஆச்சி வழக்கில், இம்முறைப்படி நிகழ்ந்த மணம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அண்ணா தலைமையிலான அரசு 1967இல் கொண்டுவந்த திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவைச் சேர்த்து, முன்னர் நடந்த மணங்களையும் செல்லுபடியாக்கியது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவரும் அறிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறினாலோ, மாலையோ மோதிரமோ அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ மணம் முற்றுப்பெறும். ‘பிறர்’ என்ற சொல் இதில் மிகவும் முதன்மையானது. மணமக்களை முன்பின் அறியாதவர் முன்னிலையும் போதும் என அது இடம் தருகிறது. நடத்துவோர் என ஒருவரைச் சட்டம் கேட்கவே இல்லை. இப்பிரிவின்படி புரோகிதர் இருத்தல் வேண்டியதில்லை என்பதை உச்ச நீதிமன்றமும் 2001இல், நாகலிங்கம் – சிவகாமி வழக்கில், உறுதி செய்தது.

‘பிறர்’ யார் என்ற சிக்கல் பின்னர் எழுந்தது. வழக்கறிஞர்களின் அறைகளில் மறைவாக நடந்த மணங்கள் பற்றிய வழக்கில், அவை முறையாக நடந்த மணங்கள் ஆகா எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2014 அக்டோபரில் கூறியது. 2023 ஆகஸ்டு 28 அன்று இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அக்கருத்தை ஏற்க மறுத்தது. உறவினரின் எதிர்ப்பால் உயிருக்கு அஞ்சி நிற்போரிடம் பலரறியும் விழாவைக் கட்டாயமாகக் கேட்பது அவர்களை இடரில் தள்ளும் என்பது அதன் காரணம். அதே தீர்ப்பு மற்றொன்றையும் சொன்னது. வழக்கறிஞர் தம் தொழில்நிலையில் நின்று மணம் நடத்துதல் கூடாது. நண்பராகவோ உறவினராகவோ சாட்சியாய் இருக்கத் தடையில்லை. கொடுப்போர் இல்லாதவிடத்தும் கரணம் உண்டு என்ற பழைய விதியை முதற்பகுதி நினைவூட்டுகிறது. இரண்டாம் பகுதியோ, அவ்விதி சொல்லாது விட்டதைச் சொல்ல முயல்கிறது: அங்கே நிற்பவர் எந்த உறவில் நிற்கிறார்?

7அ பிரிவு தமிழ்நாட்டிற்கு உரியது. புதுச்சேரியிலும் இத்தகைய திருத்தம் உண்டு. பிற மாநிலங்களில் ஒரு தமிழாசிரியர் தலைமையில் உறுதிமொழி கூறி மாலை மாற்றுவதால் மட்டும் அம்மணம் இப்பிரிவின் காப்பைப் பெறாது. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் முன்னறிவிப்பும் திருமண அலுவலரும் மூன்று சாட்சிகளும் வேண்டும். வெளிமாநிலத் தமிழ்த்துறைகளில் பணியாற்றுவோர், தலைமை தாங்க ஒப்புக்கொள்ளுமுன் இதனை மணமக்களுக்கு எடுத்துரைப்பது கடமையாகும். மேடையில் வாழ்த்திவிட்டு வந்தபின் தெரிந்து பயனில்லை.

மாணவரின் மணத்திற்குத் திரும்புவோம். மணத்திற்கு முன்னர் இருவரும் துறைக்கு வந்து சந்திக்க வேண்டும் என்று இக்கட்டுரையாளர் கேட்டுக்கொண்டார். மணமகள் மலையாளம் பேசுபவர். எழுதி வைத்திருந்த உறுதிமொழியைப் படித்துக் காட்டியபோது, பாதிக்கு மேல் தமக்கு விளங்கவில்லை என்றார். செந்தமிழில் அழகாக எழுதிவிட்ட நிறைவில், இருவரும் அறிந்த மொழி என்ற சட்டத்தின் சொல்லை எழுதியவரே மறந்துபோயிருந்தார். அன்று அங்கேயே உறுதிமொழி நான்கு வரிகளாகச் சுருங்கி, இரு மொழியிலும் எழுதப்பட்டது. பேச்சில் ‘கணவன் சொல் காத்தல்’ என்றோரிடம் இருந்தது. அதுவும் வேண்டாமென மணமகள் சொல்ல நீக்கப்பட்டது.

மணமகன் வீட்டிலிருந்து அவருடைய பெரியம்மா ஒருவர் மட்டுமே வந்திருந்தார். விளக்கேற்றியவரும் மாலைகளை எடுத்துத் தந்தவரும் அவரே. எல்லாம் முடிந்து உணவுக்கு அமர்ந்தபோது அருகில் வந்து, “நீங்க பையனுக்கு என்ன முறை ஆகணும்?” என்று கேட்டார். ஆசிரியர் என்று சொன்னதும், “பொண்ணுக்கு?” என்றார்.