அடிக்க வந்தால் திருப்பி அடிக்கலாமா?



1915 கலவரத்தைப் படிப்பிக்கும்போதெல்லாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்கும்: "சேர், அடிக்க வந்தா நாங்களும் அடிக்கேலுமா?" இப்போது பெரியவர்களும் கேட்பதால் இங்கே எழுதுகிறோம்.

நமது தண்டனைச் சட்டக் கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன் மூலம் இந்தியாவில் மெக்காலே தலைமையில் 1837இல் வரையப்பட்டு, 1860இல் சட்டமான கோவை. அடி வாங்கிக்கொண்டு அடங்கிப்போகும் பழக்கம் மக்களிடம் இருக்கக்கூடாது என்பது மெக்காலேயின் எண்ணம். அதனால் தற்காப்புக்குச் சட்டம் தாராளமாகவே இடம் கொடுத்தது.

நமது கோவையில் 89 முதல் 99 வரையான பிரிவுகள் இதைப் பற்றியவை. தற்காப்புக்காகச் செய்வது குற்றமாகாது என்கிறது 89. நமது உடலை மட்டுமல்ல, அடுத்தவர் உடலையும் காக்கலாம். நமது சொத்தையும் அடுத்தவர் சொத்தையும் காக்கலாம் என்கிறது 90. கொலை, கடுங்காயம், வன்புணர்ச்சி போன்ற ஆபத்து வந்தாலோ, இரவில் வீடுடைத்து நுழைந்தாலோ, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தாலோ, எதிராளியின் உயிர் போகும் அளவுக்கும் அந்த உரிமை நீளும்.

ஆனால் வேலிகளும் உண்டு. பொலிஸாரின் உதவியை நாட அவகாசம் இருந்தால் உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை (92). உடலுக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் எழும்போது உரிமை தொடங்கும். அந்த அச்சம் நீங்கியதும் முடியும் (95). ஓடுகிறவனைத் துரத்திப் போய் அடிப்பது தற்காப்பில் சேராது. நல்லெண்ணத்துடன் எல்லை மீறி ஒருவர் இறந்தால், 294ஆம் பிரிவின் விதிவிலக்கின்படி கொலைக்குற்றம் குறையலாம். ஆனாலும் சிறை உண்டு.

1915 மே 28 இரவு, வெசாக் ஊர்வலத்தின்போது கண்டிப் பள்ளிவாசலருகே மூண்ட மோதல் பல மாகாணங்களுக்குப் பரவியது. நமது மக்கள் கொல்லப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான கடைகள் சூறையாடப்பட்டன. பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. அந்த நாட்களில் வீட்டு வாசலில் நின்று குடும்பத்தைக் காத்தவர் யாராயினும், அவர் பக்கம் சட்டம் இருந்தது.

ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது. கலவரம் அடங்கிய பிறகும் விசாரணையின்றிச் சிங்களவர்கள் சுடப்பட்டதாக சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் முறையிட்டார். இராணுவ நீதிமன்றம் தண்டித்த இளைஞர் ஹென்றி பேதிரிஸ் ஜூலை 7இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இராமநாதன் மீது நமது முன்னோர்களுக்கு அன்று கடும் கோபம். நமது இழப்பை அவர் பேசவில்லை என்ற வேதனை அது; அதில் நியாயமும் உண்டு. ஆனால் 95ஆம் பிரிவின் அளவுகோலை நமக்கு மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. ஆபத்து நீங்கிய பிறகு பாயும் பலம், யார் மீது பாய்ந்தாலும், பாதுகாப்பாகாது.

வாலிபர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். தற்காப்பு என்று நீதிமன்றத்தில் சொன்னால் மட்டும் போதாது. அதை நிரூபிக்கும் பொறுப்பு சொல்பவருடையது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு அப்படி. 1942இல் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கிலும் அதுவே தீர்ப்பு. ஆகவே ஆபத்து தெரிந்தவுடன் 119க்கு அழையுங்கள். அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். கண்டவர்கள் யாரென்று நினைவில் வையுங்கள். வட்ஸ்அப்பில் வரும் "தயாராகுங்கள்" என்ற குரல் பதிவை மற்றவருக்கு அனுப்பாதீர்கள். நாளை அதுவே நமக்கு எதிரான சாட்சியாகலாம்.

எல்லை மீறாதீர்கள் என்பது மார்க்கம் நமக்கு ஏற்கெனவே சொல்லித் தந்த பாடம். 90ஆம் பிரிவில் வரும் "அடுத்தவர்" என்ற சொல்லுக்கு இனமோ மதமோ இல்லை. நமது தெருவில் ஒரு சிங்களக் குடும்பத்தின் கதவை யாரும் உடைக்க வந்தால், அங்கே போய் நிற்கும் உரிமையும் நமக்கு உண்டு. அந்த நாள் வராமலிருக்க துஆச் செய்வோம்.