மாம்பலம்: நிலையமும் நிற்கும் உடல்களும்

ரயில் வந்து சாதியை ஒழித்தது என்றொரு சொல்லாடல் நம்மிடையே நெடுநாளாகப் புழங்குகிறது. இடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் தீட்டு எங்கே பார்ப்பது என்பது அதன் வாதம். பாதிதான் உண்மை. தென்னிந்திய ரயில்வேயின் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணர்கள் உட்கார்ந்து சாப்பிடத் தனி இடம் இருந்தது. பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்த பிறகு 1941இல்தான் அது ஒழிந்தது. தண்டவாளம் தானாக எதையும் ஒழித்துவிடவில்லை.

இங்கிருந்து மாம்பலம் நிலையத்தை வாசிக்கலாம். 1920களில், நீதிக்கட்சி ஆட்சியில், மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கினார்கள். நகருக்குப் பிட்டி தியாகராயர் பெயர், பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். 1931இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் மின்ரயில் ஓடத் தொடங்கியது. வீடு ஓரிடம், வேலை வேறிடம் என்று வாழ்வைப் பிளந்து, நடுவில் ஒரு கால அட்டவணையை வைத்தது மின்ரயில். உடல்கள் அதற்குப் பழக்கப்பட்டன.

ஜப்பானில் இதை ஒரு முதலாளி திட்டமிட்டே செய்தார். ஒசாகாவில் கோபயாஷி இச்சிசோ 1910இல் ரயில் விட்டார். பாதையோரம் மனை வாங்கி, வீடு கட்டி, தவணையில் விற்றார். 1929இல் உமேதா நிலையத்திலேயே பல்பொருள் அங்காடி திறந்தார். காலையில் உழைப்பாளியாக ஏறுபவனை மாலையில் நுகர்வோனாக இறக்கிவிடும் ஏற்பாடு இது. மாம்பலத்தில் அப்படித் தனியொரு முதலாளி கிடையாது. ஆனால் படியிறங்கினால் ரங்கநாதன் தெரு. கூட்டமே தள்ளிக்கிட்டுப் போயி கடைக்குள்ள விட்டுரும்.

எங்கள் சேத்தியாத்தோப்புக்கு ரயில் இல்லை. சிதம்பரத்துக்கோ விருத்தாசலத்துக்கோ பஸ் ஏறிப் போய்த்தான் வண்டி பிடிக்க வேண்டும். இருந்தாலும் 'மாம்பலம் போயி துணி எடுத்தாந்தோம்' என்பது ஊரில் ஒரு கௌரவம். அந்தத் துணியை விரித்துக் காட்டிய பெண் எந்த ஊர்க்காரி, எத்தனை மணிநேரமாக நிற்கிறாள் என்ற கேள்வி மட்டும் யார் வாயிலும் வருவதில்லை. தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்த அந்தப் பிள்ளைகளை வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் திரைக்குக் கொண்டுவந்தது. கேரளத்தில் பெண் தொழிலாளர்கள் போராடி, 2018இல் கடைகளில் உட்காரும் உரிமையைப் பெற்றார்கள். தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றாக்கினார்கள்.

சாப்பிட உட்காரும் இடத்துக்கான சண்டை 1941இல் முடிந்தது. வேலையிடத்தில் உட்காரும் உரிமை சட்டமாக அதற்குப் பிறகு 80 ஆண்டுகள் ஆயின. இரண்டையும் ஒரே வரலாறாகத்தான் வாசிக்க வேண்டும். எந்த உடல் உட்காரலாம், எந்த உடல் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் முதலில் சாதியின் பெயரில் பேசியது, பிறகு வியாபாரத்தின் பெயரில் பேசுகிறது.

ரயிலுக்குள்ளும் இதே கதைதான். 2018 ஜூலை 24 அன்று பரங்கிமலை நிலையத்தில், படிக்கட்டில் தொங்கியபடி வந்தவர்கள் தடுப்புச் சுவரில் மோதி இறந்தார்கள். உடனே கிளம்பிய அறிவுரை: 'படியில் பயணம் நொடியில் மரணம்.' உள்ளே இடம் இருந்தால் எவன் தொங்குவான்? இடப் பற்றாக்குறையைப் பயணியின் ஒழுக்கக் குறைவாக மாற்றிவிடுகிறது இந்த மொழி.

சட்டம் வந்தாச்சு. சட்டப் புத்தகத்தில் இருக்கும் இருக்கை கடைக்குள் வந்ததா என்பதே இனி கேள்வி. மாம்பலத்தில் இறங்குகிற நாம் துணியின் விலையோடு இதையும் சேர்த்துக் கேட்போம்: 'ஒங்களுக்கு ஸ்டூல் போட்டிருக்காங்களாம்மா?'