நீல டிக் வந்த கதை

2009-ல் ஜான் கோம் வாட்ஸ்அப்பைத் தொடங்கியபோது அது செய்தி அனுப்பும் செயலியே அல்ல. கைபேசியிலுள்ள பெயர்களுக்குப் பக்கத்தில் அவரவர் நிலையைக் காட்டுவதுதான் நோக்கம்: பேட்டரி தீரப்போகிறது, வேலையில் இருக்கிறேன், இப்படி. அரட்டை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. படித்துவிட்டுப் படிக்காததுபோல் இருப்பது, 'லாஸ்ட் சீன்' மறைப்பது, அனுப்பியதை அழிப்பது என்று காதலர்களுக்குள் நடக்கும் சில்லறைக் கள்ளத்தனங்களை இந்தத் தலைமுறையின் குணக்கேடு என்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் வந்தது கண்காணிப்பு. ஒளிவு அதன் பின்னால்தான் வந்தது.

2005-ல் அறிமுகமான பிளாக்பெர்ரி மெசஞ்சரிலேயே செய்தி சேர்ந்ததற்கு 'டி', படித்ததற்கு 'ஆர்' என்ற குறிகள் உண்டு. வாட்ஸ்அப்பில் இரண்டு சாம்பல் டிக் விழுந்தால் செய்தி கைபேசிக்குப் போய்விட்டது என்று மட்டுமே பொருள். 'இன்னும் பார்க்கவில்லை' என்று சொல்லித் தப்பிக்க அதில் இடம் இருந்தது. 2014 நவம்பரில் டிக்குகள் நீலமாகி அந்த இடத்தை அடைத்தன. எதிர்ப்பு கிளம்பவே, அணைத்துவைக்கும் வசதி வந்தது. ஆனால் நீங்கள் மறைத்தால் மற்றவருடையதும் உங்களுக்குத் தெரியாது. அந்தப் பண்டமாற்றும் வேண்டாதவர்கள் ஏரோப்ளேன் மோடில் போட்டுப் படிக்கக் கற்றார்கள். 2017-ல் அனுப்பியதை இருபக்கமும் அழிக்கும் வசதி வந்தது, அதுவும் ஏழு நிமிடக் கெடுவோடு. விசித்திரம் என்னவென்றால், செய்தி போனாலும் அது அழிக்கப்பட்டது என்ற வரி அங்கேயே நிற்கும். சந்தேகத்துக்கு இதைவிடத் தோதான தீனி கிடையாது: உள்ளடக்கம் இல்லை, தடயம் மட்டும் உண்டு.

கடிதக் காலத்திலும் ஏமாற்றியவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருந்தார்கள். ஆனால் பதில் தாமதித்தால் பழியைத் தபால்காரர் மேல் போட முடிந்தது. டிரங்க் கால் கிடைக்கவில்லை என்றால் யாரும் மறுக்க முடியாது. அந்த மூன்றாம் ஆள் இப்போது இல்லை. மடியில் கனமில்லாதவர் ஏன் மறைக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. நீல டிக் சொல்வது அரட்டை திறக்கப்பட்டது என்பதை மட்டும்தான். பேருந்தில் நின்றுகொண்டு திறந்தவரும், அலுப்பில் பதிலை நாளைக்குத் தள்ளியவரும், உண்மையிலேயே தவிர்ப்பவரும் அந்த நிறத்தில் ஒன்றே. நச்சரிப்புக்குப் பயந்து மறைப்பவரையும் துரோகத்துக்காக மறைப்பவரையும் அதனால் பிரித்துக் காட்ட முடியாது.

நிறுவனங்களே திருத்திக்கொள்கின்றனவே என்றால், ஓரளவுக்கு ஆம். 2022-ல் வாட்ஸ்அப் 'ஆன்லைன்' என்பதையும் மறைக்க அனுமதித்தது. யார் எந்தப் படத்துக்கு லைக் போட்டார்கள் என்று வரிசையாகக் காட்டிய தனிப் பகுதியை இன்ஸ்டாகிராம் 2019 அக்டோபரில் எடுத்துவிட்டது. லைக்குகள் படங்களுக்கு அடியில் இருக்கத்தான் செய்தன. துருவுகிறவர்கள் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று, அவ்வளவுதான்.