பழைய போர்டும் புது புராசஸரும்

தேய்மானத்துக்குப் பாடப்புத்தகம் சொல்லும் காரணங்களில் இரண்டு: தேய்ந்துபோவது, வழக்கொழிந்துபோவது. கம்ப்யூட்டர்களை வீழ்த்தியது பெரும்பாலும் இரண்டாவதுதான். ஆனால் அதற்குச் சில வருடங்கள் போக்குக்காட்டிய ஒரு மதர்போர்டு வகை உண்டு.

இன்டெல் 1998 ஏப்ரலில் வெளியிட்ட 440பிஎக்ஸ் சிப்செட் போர்டுகள்தான் அவை. ‘ஸ்லாட் 1’ என்ற நீள ஸ்லாட்டில், கேம் கேசட் மாதிரி புராசஸரைச் செருகவேண்டும். பஸ் வேகம் 100 மெகாஹெர்ட்ஸ். அந்த ஆகஸ்டில் மலிவு விலையில் செலரான் 300ஏ வந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுக்கான அதை 100இல் ஓட்டிப் பலர் 450 மெகாஹெர்ட்ஸ் வேகம் பெற்றார்கள்!

1999இல் செலரான் ‘சாக்கெட் 370’க்கு மாறியது. ஸ்லாட்காரர்கள் கதை முடிந்ததா? இல்லை. ‘ஸ்லாட்கெட்’ என்ற சின்ன அடாப்டர் கார்டில் சாக்கெட் புராசஸரைப் பொருத்தி ஸ்லாட்டில் செருகினார்கள். பயாஸும் வோல்டேஜும் ஒத்துவந்தால், யாரோ கழற்றி விற்ற பென்டியம் 3கூட பழைய போர்டில் ஓடியது.

சவுண்ட் கார்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1992இல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் 16, ஐஎஸ்ஏ ஸ்லாட்டை நம்பிய கார்டு. டாஸ் கேம்கள் பல அந்த வகை கார்டைத்தான் தேடின. பிறகு பிசிஐ கார்டுகளும், போர்டிலேயே ஒலி தரும் ஏசி97ம் வந்தன. புதுப் போர்டுகளில் ஐஎஸ்ஏ மறைந்தது. கார்டு நன்றாக இருந்தும் செருக இடமில்லை!

பெரும்பாலான 440பிஎக்ஸ் போர்டுகளில் ஐஎஸ்ஏ இருந்தது. பழைய சவுண்ட் கார்டும் செகண்ட்ஹேண்ட் புராசஸரும் அங்கே சேர்ந்து வாழ்ந்தன. ஒரு பொருளின் ஆயுள் அது செருகப்படும் ஸ்லாட்டின் ஆயுள்தான். தேய்மானக் கணக்கு போடும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.